காரைத் தொடுவதற்கு முன் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்: நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் அதிகாரசபையின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

திருகோணமலையில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் விலைப்பட்டியல் தொங்கவிடாமல் வியாபாரம் செய்தால் உங்கள் அதிகாரிகள் வந்து கேள்வி கேட்பார்கள். அரிசிக்கு உச்ச விலை அறிவிக்கப்பட்டிருக்கும்போது அதற்கு மேல் விற்றவர் நீதிமன்றப் படியேற வேண்டிவரும். அது சரியான நடவடிக்கை, அதனால் எங்கள் வீடுகளுக்கு நன்மையும் உண்டு. ஆனால் ஒரு குடும்பம் பல மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கின்ற வாகன முகவர் நிறுவனங்களின் (கார் உற்பத்தியாளர்கள் சார்பில் இங்கே விற்றுத் திருத்துபவர்களின்) பணிமனைகளில், ஒரு மணித்தியால வேலைக்குக் கூலி எவ்வளவு என்று எந்தச் சுவரிலும் எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை. பருப்பு விற்பவருக்குள்ள கடமை இவர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் இந்நகரில் ஆசிரியராக வேலை செய்பவன். லீசிங் எடுத்து, முகவர் நிறுவனத்திடமே புத்தம் புதிதாக வாங்கிய ஒரு சிறிய கார் என்னிடம் இருக்கிறது. கார் வைத்திருப்பவன் வசதியானவன், அவனுக்கு என்ன குறை என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. மூதூரிலோ குச்சவெளியிலோ இருந்து நள்ளிரவில் ஒரு நோயாளியை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த வீட்டாரைக் கேளுங்கள், கார் எதற்கு என்று அவர்கள் சொல்வார்கள். வாகனத்தை வைத்தே பிழைப்பவர்களும் எங்களிடையே பலர். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்பவருக்குக் கார் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

விலை ஏன் ஏறியது என்பது எங்களுக்குத் தெரியும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய்க்கு அருகில் நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயை நெருங்கியது. பெறுமதிசேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும், வரியோடு சேர்த்துச் சொல்லப்படும் விலையைக் கேட்டுவிட்டு, இருக்கிற காரையே இன்னும் சில வருடம் ஓட்டுவோம் என்று திரும்பி வந்தவர்களே எங்கள் பக்கம் அதிகம். பழைய காரைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. உதிரிப்பாகத்தின் விலை கூடியதற்காக நான் எவரையும் குறை சொல்ல வரவில்லை. எந்தப் பாகம், ஏன், எவ்வளவு என்று எதையும் முன்கூட்டிச் சொல்லாமல் காரைப் பிரித்துப் போட்டுவிட்டு, பிறகு பில்லை நீட்டுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் காரின் முன்பக்கத்தில் ஓர் இரைச்சல் எழுந்தது. வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. நிறுவனத்தின் பணிமனையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஜொப் கார்ட்டை, அதாவது வேலைப் பத்திரத்தை, நீட்டிக் கையொப்பம் கேட்டார்கள். செய்யவேண்டிய வேலை என்ற இடத்தில், சத்தம் இருக்கிறது, பார்க்கவும் என்ற அளவில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. தொகைக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. முதலில் முன் சக்கரங்களின் அதிர்வு தாங்கிகளான சொக் அப்சோபர்கள் இரண்டையும் மாற்றினார்கள். இரைச்சல் போகவில்லை. மறுபடி கொண்டுபோனபோது சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கீழ் ஆம்களையும் அவற்றின் ரப்பர் புஷ்களையும் மாற்றினார்கள். அப்போதும் போகவில்லை. கடைசியில் ஒரு பக்கச் சக்கரம் சுழல உதவும் பெயாரிங்கை மாற்றியதும் சத்தம் அடங்கிவிட்டது.

வேகத்தோடு சேர்ந்து கூடும் இரைச்சல் என்றால் முதலில் ரயரையும் பெயாரிங்கையும் பார்க்க வேண்டும் என்பது கராஜில் தொழில் பழகும் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். ஜாக்கில் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றி, ஆட்டிப் பார்த்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். எனக்கு அது கடைசியாகத்தான் செய்யப்பட்டது. அதற்கு முன் மாற்றிய எல்லாவற்றுக்கும் நானே பணம் கட்டினேன். ஒவ்வொரு பில்லிலும் பரிசோதனைக் கட்டணம் என்று ஒரு தொகை தனியாக இருந்தது. கழற்றிய பாகங்களைத் தாருங்கள் என்று கேட்டபோது அவை போய்விட்டன என்றார்கள். அவை கையில் கிடைத்திருந்தால், உண்மையிலேயே பழுதானவைதாமா என்று இன்னொருவரிடம் காட்டிக் கேட்டிருக்கலாம். பணிமனையின் ஊகம் பிழைத்தால் அந்தப் பிழைக்கான செலவை வாடிக்கையாளர் ஏன் சுமக்க வேண்டும்? இந்தக் கேள்வியை அங்கிருந்த முகாமையாளரிடமும் கேட்டேன். பாகங்கள் எப்படியும் தேய்ந்துதான் இருந்தன என்று பதில் வந்தது. தேய்ந்திருந்தால் அதை எனக்குக் காட்டி, மாற்றவா என்று கேட்டிருக்க வேண்டும்.

கூலிக் கணக்கும் இப்படித்தான் மூடியிருக்கிறது. பெரிய பணிமனைகள் பலவற்றில் ஒரு வேலைக்கு இத்தனை மணித்தியாலம் என்று முன்பே வகுத்த ஓர் அட்டவணையின்படியே கூலி போடுவார்கள். கை தேர்ந்த தொழிலாளி அதைவிட விரைவாக முடித்தாலும் அட்டவணை நேரத்துக்கே நாங்கள் கட்டுவோம். அந்த முறையில் எனக்கு மறுப்பில்லை. வேலை இழுபட்டாலும் தொகை ஏறாது என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறது. ஆனால் அட்டவணையில் எத்தனை மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்ற இரண்டு எண்களும் பில்லில் இருந்தால்தானே சரிபார்க்க முடியும்? ‘கூலி’ என்று ஒரே வரியில் ஒரு பெருந்தொகைதான் இருக்கிறது. ஒயில் மாற்றக் கொடுத்த காரின் பில்லில் எஞ்சின் ஃபிளஷ், த்ரொட்டில் பொடி கிளீனிங், ஏசி கிளீனிங் என்று உரிமையாளர் கையேட்டின் அட்டவணையில் இல்லாத வேலைகள் ஏறியிருப்பதையும் எங்கள் ஊரில் பலர் கண்டிருக்கிறார்கள்.

பெற்றோலோடு மின் மோட்டரிலும் ஓடும் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களின் பாடு இதைவிடக் கடினம். இந்தக் கார்களின் உயர் மின்னழுத்த பெற்றரி வெளியே ஒரே பெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பல சிறு தொகுதிகள் வரிசையாக இணைக்கப்பட்டவை. டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை பிரியஸ் காரில் அப்படி 28 தொகுதிகள் இருக்கின்றன. பின் இருக்கைக்கு அருகிலுள்ள ஒரு துவாரம் வழியாகச் சிறு விசிறியொன்று காருக்குள் இருக்கும் காற்றை இழுத்து பெற்றரியைக் குளிர்விக்கிறது. அந்த வழியில் தூசி அடைத்தால் பெற்றரி சூடேறும், ஆயுள் குறையும். மணலும் வெக்கையும் நிறைந்த எங்கள் ஊரில் அது அடைபட அதிக காலம் எடுக்காது.

உவர்மலையில் வசிக்கும் நண்பர் ஒருவரின் ஹைபிரிட் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முகவர் பணிமனையின் ஸ்கேனரில் பி0ஏ80 என்ற குறியீடு வந்தது. பெற்றரி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லும் குறியீடு அது. முழு பெற்றரியையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அவர் ஒரு வருடம் சேர்த்தாலும் சேராத தொகை. காரை அப்படியே எடுத்து வந்து இங்குள்ள ஒரு கராஜில் காட்டினார். அங்கே வேலை செய்யும் இளைஞர் முதலில் அந்த விசிறியைக் கழற்றினார். காற்று போக வழியே இல்லாமல் தூசி இறுகியிருந்தது. வருடக்கணக்காகப் பணம் கொடுத்துச் சேர்விஸ் செய்த காரில் அதை ஒருவரும் திறந்து பார்த்திருக்கவில்லை. பிறகு தொகுதிகளை ஒவ்வொன்றாக அளந்து, நலிந்த சிலவற்றை மட்டும் மாற்றிக் கொடுத்தார்.

இங்கே நிறுவனத்தின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழைய தொகுதிகளுக்கிடையே சிலவற்றை மட்டும் மாற்றினால் அது நெடுங்காலம் நிலைக்காது. மற்றத் தொகுதிகளும் ஒவ்வொன்றாகச் சோரும். முழுவதையும் மாற்றுங்கள் என்பது தொழில்முறையில் நல்ல ஆலோசனையாகவே இருந்திருக்கலாம். ஆனால் நண்பருக்கு அது ஆலோசனையாகச் சொல்லப்படவில்லை. இன்னொரு வழி இருக்கிறது, அதற்கு இவ்வளவு முடியும், அது இவ்வளவு காலம்தான் தாங்கக்கூடும், இரண்டில் எது வேண்டும் என்று கேட்டிருந்தால் அவர் தன் கைப்பணத்தைப் பார்த்து முடிவெடுத்திருப்பார். நிலைக்காது என்று தெரிந்தேதான் பின்னர் அந்த மலிவான வழியைத் தேர்ந்தார்.

கொழும்பில் இருப்பவர்களுக்கும் இந்தக் குறைகள் உண்டு என்பதை அறிவேன். ஆனால் தூரம் எங்கள் குறையை இரட்டிப்பாக்குகிறது. என் காருக்குரிய நிறுவனத்தின் முழு வசதி கொண்ட பணிமனை கொழும்பில்தான் இருக்கிறது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வீதி. காட்டுப்பகுதியில் யானை குறுக்கிடும் என்பதால் இருட்டும் முன் தாண்டிவிட வேண்டும் என்ற அவசரம். பழுதான காரை ஓட்ட முடியாவிட்டால் லொறியில் ஏற்றும் கூலி. அன்றே முடியாவிட்டால் விடுதி வாடகை, பாடசாலைக்கு விடுமுறை. இவ்வளவையும் செலவழித்துப் போய் நிற்பவனிடம், எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு வருகிறது, செய்யவா விடவா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? காரை எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் விலை கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவனுக்கு இல்லை. தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று கணக்கில் எடுக்கக் கூடாது என்று உங்களைக் கேட்கிறேன்.

கடல் காற்றைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் ஊர்க் கார்களின் அடித்தட்டும் பிரேக் பாகங்களும் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. கொழும்பிலும் கடல் இருக்கிறது, அவர்களுக்கு இது தெரியாததல்ல. அப்படியிருந்தும் உத்தரவாதக் காலத்துக்குள் இறுகிப்போன, பிரேக்கைப் பிடிக்கும் பாகமான கலிப்பருக்கு, ‘சுற்றாடல் காரணம்’ என்று எழுதி உத்தரவாதத்தை மறுத்த கதையை இங்கு பலர் சொல்கிறார்கள். விற்கும்போது திருகோணமலையில் கடல் இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை.

அடுத்தது உத்தரவாதத்தை வைத்து அச்சுறுத்துவது. வெளியில் ஒயில் மாற்றினாலும் உத்தரவாதம் போய்விடும் என்று விற்பனையாளர் முதல் நாளே சொல்லிவிடுகிறார். அதனால் ஓர் ஒயில் மாற்றத்துக்குக்கூடக் கம்பனியைத் தேடிப் போகிறோம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலேயே இதற்கெதிராகச் சட்டம் வந்துவிட்டது. நிறுவனம் இலவசமாகத் தந்தாலன்றி, தன் பாகத்தையோ தன் சேவையையோதான் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவாதத்துக்கு நிபந்தனை போட அந்தச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. வெளியில் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் அதை நிறுவனம் காட்டட்டும். அது நியாயமான முறை. எங்கள் ஊர்க் கராஜில் ஒயில் மாற்றியவனுக்கு, தானாகப் பழுதான கதவுக் கண்ணாடி மோட்டருக்கு உத்தரவாதம் மறுப்பது எந்த வகையில் நியாயம்?

எங்கள் கராஜ்காரர்களைப் பற்றி நிறுவனங்களின் முன்மேசையில் இருப்பவர்கள் பேசும் தொனி என்னை வருத்துகிறது. அவர்களில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் பெரிய பணிமனைகளில் வேலை செய்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். கையில் திறமை இருக்கிறது, வீட்டுக்கு அருகில் இருக்கிறார்கள், கழற்றிய பாகத்தைக் கண்முன் வைத்துக் காட்டுகிறார்கள். அவர்களிடம் இல்லாதது நிறுவனம் பூட்டி வைத்திருக்கும் தகவல்தான். இன்றைய காரில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றினால் அதைக் காரின் கணினிக்கு அறிமுகப்படுத்த நிறுவனத்தின் மென்பொருள் தேவை. புதிய சாவி சேர்க்கவும் அது தேவை. மின்கம்பி வரைபடம் இல்லாமல் ஒரு சென்சர் கோளாறைத் தேடுவது இருட்டறையில் ஊசி தேடுவதற்குச் சமம். இவற்றை நியாயமான கட்டணத்துக்கு விற்றால் வாங்க அவர்கள் தயாராக இருக்கிறார்கள். நிறுவனங்கள் விற்பதில்லை. மூலப் பாகங்களை எடுக்கவும் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது, அங்கே எது அசல் எது போலி என்ற சந்தேகம் வேறு.

கார் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பெட்டியில் வரும் பல பாகங்களை அந்த நிறுவனமே செய்வதில்லை. டென்சோ, அய்சின், கேவைபி போன்ற உற்பத்தியாளர்கள் செய்து கொடுக்கிறார்கள். அதே உற்பத்தியாளரின் சொந்தப் பெட்டியில் வரும்போது பெரும்பாலும் விலை குறைவு. இந்தத் தெரிவு வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு 461ஆம் இலக்க ஒழுங்குவிதி, பாகங்களைச் செய்பவர்கள் அவற்றைச் சுயாதீன கராஜ்களுக்கு விற்பதைக் கார் நிறுவனங்கள் தடுக்க இடம் தருவதில்லை. அவுஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல், திருத்தத் தகவல்களை எல்லாப் பணிமனைகளுக்கும் நியாயமான சந்தை விலைக்கு வழங்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

அவை செல்வந்த நாடுகள் என்று சொல்லக்கூடும். பாக்கு நீரிணைக்கு அப்பால் பாருங்கள். இந்தியாவின் போட்டி ஆணைக்குழு 2014 ஓகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. அசல் உதிரிப்பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளியாருக்குக் கொடுக்காமல் தங்கள் முகவர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பாகங்களுக்கு அளவு மீறிய இலாபம் வைத்தன என்பது ஆணைக்குழுவின் முடிவு. நிறுவனங்கள் வழக்காடின, தண்டம் பற்றிய இழுபறி நீண்டது. ஆனால் விசாரணை நடந்தது, உண்மைகள் பதிவேட்டில் ஏறின. அந்த வழக்கு 2011இல் ஒரு தனிமனிதர் கொடுத்த முறைப்பாட்டிலிருந்து தொடங்கியது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கும் அதிகாரம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும், பயன்படுத்தும் பொருள் அந்த நோக்கத்துக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது என்று சொல்கிறது. பெயாரிங் பழுதுக்குச் சொக் அப்சோபர் மாற்றுவது உரிய திறமையா? போட்டிக்கு எதிரான நடைமுறைகளை விசாரிக்கும் அதிகாரத்தை 34ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. 12ஆம் பிரிவின் கீழ் பொருட்களோடு சேவைகளுக்கும் தரங்களை நீங்கள் வகுக்கலாம். வாகனத் திருத்தத்துக்கு அப்படியொரு தரம் எழுத்தில் இருந்தால்தான் நாங்கள் முறைப்பாடு செய்யும்போது எதை மீறினார்கள் என்று விரல் வைத்துக் காட்ட முடியும். முறைப்பாட்டுக்குச் சட்டம் தரும் காலமும் மூன்று மாதங்களே. கொழும்பில் திருத்திய கார் ஊருக்கு வந்து மறுபடி அதே சத்தத்தைக் காட்டி, பணிமனை இதோ பார்க்கிறோம் என்று இழுத்தடிக்கும் காலத்துக்குள்ளேயே அது கழிந்துவிடுகிறது. இந்தக் கால எல்லையை எங்கள் ஊரில் அறிந்தவர்கள் மிகக் குறைவு.

நாங்கள் கேட்பவை கடினமானவை அல்ல. காரைப் பிரிக்கும் முன், பாகம் வேறு கூலி வேறாக எழுதிய மதிப்பீடு கையில் தரப்பட வேண்டும். அதை மீறும் எந்தச் செலவுக்கும் உரிமையாளரின் சம்மதம் குறுஞ்செய்தியாகவேனும் எழுத்தில் பெறப்பட வேண்டும், பெறாவிட்டால் அந்தத் தொகையைக் கேட்க முடியாது என்று விதியுங்கள். மணித்தியாலக் கூலி வரவேற்பு மேசைக்கு மேலே எழுதப்பட்டிருக்கட்டும். கழற்றிய பாகம் கேட்காமலே திரும்பி வர வேண்டும். தவறான ஊகத்தில் மாற்றிய பாகத்துக்குக் கூலி அறவிடக் கூடாது. ஜொப் கார்ட்டும் பில்லும் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்க வேண்டும். தமிழ் 1987இலிருந்து இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. என் தாய்க்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் அவரிடம் கையொப்பம் வாங்குவதைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன். வெளியில் சேர்விஸ் செய்தால் உத்தரவாதம் போகும் என்ற மிரட்டலைத் தடை செய்யுங்கள். தகவலையும் பாகங்களையும் எங்கள் கராஜ்களுக்கு விற்பது குறித்து 34ஆம் பிரிவின் கீழ் ஒரு விசாரணையைத் தொடங்குங்கள். இவற்றில் இதுதான் நேரம் எடுக்கும், ஆனால் தூரத்தில் இருக்கும் எங்களுக்கு இதுதான் மிகவும் தேவையானது.

அந்த விசாரணையின் ஓர் அமர்வையாவது திருகோணமலையில் நடத்துங்கள் என்று கேட்கிறேன். கிண்ணியா, மூதூர், கந்தளாய், குச்சவெளி ஆகிய இடங்களிலிருந்தும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரும் வருவார்கள். பில் எல்லோருக்கும் ஒன்றுதான். கராஜ் வைத்திருப்பவர்களையும் அழையுங்கள், நிறுவனங்களின் பிரதிநிதிகளையும் அழையுங்கள். அவர்கள் சொல்வதையும் பொறுமையாகக் கேட்போம். எங்கள் ஜொப் கார்ட்களையும் பில்களையும், கையில் கிடைத்த பழைய பாகங்களையும் கொண்டுவருகிறோம். திகதியை அறிவித்தால் போதும்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர் ஒருவர்,
திருகோணமலை.